மூன்றாம் மாடியில் புரிந்துகொள்கிறார்கள்

பெயர் படபடப்பு. வயது இருபத்து நான்கு. தற்போதைய இருப்பிடம்: புரிதல் மற்றும் ஆதரவு மையம், மூன்றாம் மாடி, காத்திருப்பு அறை, சுவரோரம் ஏழாவது நாற்காலி.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது கடவுச்சீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அவன் படபடப்புதான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். பஸ் வருவதற்கு முன்பே பஸ் போய்விட்டதென்று வியர்ப்பான். பிழைப்புக்காக இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது, பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அக்கா குடும்பத்தோடு ஒரே வீடு. அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். மச்சான் திங்கட்கிழமை லாரியில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமைதான் இறங்குவார். ஆகவே அதிகாரிகளிடம் பேசுகிற பொறுப்பு, அதிகாரியைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ஒருவனிடம் வந்து சேர்ந்தது.

பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அக்கா மகளுக்கு ஏழு வயது. பூச்சி என்று கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு ஒரு வளர்ச்சிக் குறைபாடு உண்டு. பரம்பரையாக வருவது. பேச்சு தாமதம், முகத்துக்கு நேரே பார்த்தால் பயம், திடீர்ச் சத்தம் கேட்டால் கையைக் கடித்துக்கொள்வாள். மருத்துவர் ஐந்து நிமிஷத்தில் விளக்கிவிட்டார். "அம்மாகிட்ட அமைதியா இருந்தது, மகள்கிட்ட வெளியில வந்திருக்கு. யார் தப்பும் இல்ல. இது போகாது. ஆனா இவ கத்துப்பா. பக்கத்துல ஒரு ஆள் மட்டும் வேணும்."

அந்த ஆளும் கிடைத்திருந்தாள். மையம் அனுப்பிய உதவி ஆசிரியை. பூச்சி அவளுக்கு வைத்த பெயர் பக்கத்து டீச்சர். வகுப்பில் பூச்சியின் இடது பக்கம் உட்காருவாள். மணி அடிக்கப்போகிறது என்றால் அடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். அவ்வளவுதான் வித்தை. ஒரே வருஷத்தில் பூச்சி பன்னிரண்டு எழுத்து எழுதினாள், ஒரு சிநேகிதியோடு சண்டையும் போட்டாள். சண்டை போட்டதைக் கேட்டு அக்கா சந்தோஷத்தில் அழுதாள்.

ஏழு வாரத்துக்கு முன்னால் பக்கத்து டீச்சரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பூச்சியின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது என்று தலைமையாசிரியை கைவிரித்தார். வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் துணையோடு வந்தால் இடம் இருக்கும், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கிற அடுத்த குழந்தைக்குப் போய்விடும் என்று கடிதமும் அனுப்பினார். அதுவரை பூச்சி சலவைக்கூடத்தில், விரிப்பு மடிக்கிற மேசைக்கு அடியில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் இந்த வாரம் வரைக்கும்தான் பார்க்காத மாதிரி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று செவ்வாய்.

"சான்றிதழ் முடிஞ்சு போச்சு தம்பி," என்றாள் கவுண்டர்க்காரி.

"மேடம், இது பரம்பரையா வர்றது. பொறந்ததுலேர்ந்தே இருக்கு. போகாதுன்னு டாக்டர் எழுதியே கொடுத்திருக்காரு."

"அது போன வருஷம் எழுதினது. இந்த வருஷமும் இருக்கான்னு பாக்கணும்ல?"

"போகாதுன்னா எப்பவும் இருக்கும்தானே மேடம்?"

"அப்படி நாங்களே முடிவு பண்ணிட்டா, அப்புறம் இந்த மாடி எதுக்கு?"

நியாயமான கேள்வி. மையத்துக்கு இரண்டு பிரிவுகள். மூன்றாம் மாடி புரிதல் பிரிவு. நான்காம் மாடி ஆதரவுப் பிரிவு. புரிந்துகொள்ளாமல் ஆதரவு கொடுப்பது ஆபத்து என்பதால், ஒரு குழந்தையை மூன்றாம் மாடி முழுக்கப் புரிந்துகொண்ட பிறகே நான்காம் மாடிக்கு அனுப்புவார்கள். மூன்றாம் மாடியில் நூற்றுப் பத்து பேர் வேலை பார்த்தார்கள். ஒருவரும் அவசரக்காரர் இல்லை. மேலே நான்காம் மாடியில், ஒன்பது பக்கத்து டீச்சர்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல மரபுப் பிரிவைப் பாருங்க. பத்தாம் நம்பர் கதவு. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்திருக்காம்."

ரத்தம் எடுத்தது பூச்சிக்கு அல்ல. அவளுக்கு ஏற்கெனவே நான்கு தடவை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் அவனுக்கு எடுத்தார்கள், தாய்மாமன் என்பதால்.

மரபுப் பிரிவு அதிகாரி எழுந்து நின்று கைகுலுக்கினார். அந்தக் கட்டடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

"வாழ்த்துகள் தம்பி. உங்களுக்கும் இருக்கு."

"எனக்கா சார்?"

"உங்க அக்காவுக்கு இருக்கிற அளவுதான். ஒண்ணும் பண்ணாது. சில பேருக்குக் கொஞ்சம் பயம், பதற்றம் மட்டும் இருக்கலாம். உங்களுக்கு இருக்கா?"

"எப்பவும் உண்டு சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார். "எதை நெனச்சு?"

"திங்கக்கிழமைக்குள்ள டீச்சர் வரலன்னா பாப்பாவோட இடம் போயிடும் சார்."

'பள்ளி இடம் பறிபோய்விடும் என்ற அச்சம்' என்று எழுதினார்.

"அது சும்மா அச்சம் இல்ல சார். கடுதாசியே வந்திருக்கு. இதோ பாருங்க."

'அச்சத்துக்கு ஆதாரம் வைத்திருக்கிறார். எப்போதும் சட்டைப்பையில் சுமக்கிறார்' என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

"சார், நான் அவளுக்காகத்தான் பேச வந்தேன்."

"புரியுது தம்பி. ஆனா இனிமே நீங்க எது சொன்னாலும் அது மனு இல்ல, அறிகுறி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மனுவில கையெழுத்துப் போட இந்தப் பரம்பரையில சேராத ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. குழந்தையோட அப்பா இருக்காரே?"

"லாரியில இருக்காரு சார். ஞாயித்துக்கிழமைதான் வருவாரு."

"நல்லது. வரட்டும்." மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். படத்தில் ஒரு யானை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வாசல் காவலாளியிடம் நிலைமையைச் சொன்னான். அவர் டீக் குவளையைக் கீழே வைக்காமலே கையெழுத்துப் போட்டார். அது உடனே ஏற்கப்பட்டது. குழந்தையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பதால் அவர் பாரபட்சமற்ற சாட்சி என்று கவுண்டர்க்காரி விளக்கினாள். மதிப்பீட்டுக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னான். அவள் சிரித்தாள்.

"நம்ம வீட்டுலேர்ந்து உனக்குன்னு எதுவும் வரலன்னு பொலம்புவியே. வந்திருக்கு பாரு."

"அக்கா, சும்மா இரு."

"என்னடா சும்மா இரு. உனக்கு வந்தது பயத்தோட போச்சு. நான் கொடுத்தது அவளை மேசைக்கு அடியில தள்ளிடுச்சு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். "அந்த ஆளு உன்னை எழுதிக்கிட்டாரே, என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்லக்கா."

"கேக்க மாட்டாங்க. கேட்டா நான் பதில் சொல்லிடுவேன்ல."

வியாழக்கிழமை மதிப்பீட்டு அறை. மேலே ட்யூப்லைட் ஒன்று கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. பூச்சி உள்ளே வந்ததும் அதை அண்ணாந்து பார்த்தாள், பிறகு மாமாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். "லைட்டு கத்துது கத்துது கத்துது," என்றாள்.

மதிப்பீட்டாளர் கணினியைப் பார்த்தபடியே பேசினார். பதினாறு வருஷ அனுபவம், விருது வாங்கியவர்.

"பாப்பா, என் கண்ணைப் பாத்து உன் பேரைச் சொல்லு."

பூச்சி பார்க்கவில்லை. மதிப்பீட்டாளரும் பார்க்கவில்லை. ஒருவருக்கு மட்டும் மதிப்பெண் குறைந்தது.

"மேடம்," என்றான் படபடப்பு, கையைப் பிசைந்துகொண்டு, "எதிர்ல உக்காந்து கேட்டா அவ பயந்துருவா. பக்கத்துல உக்காந்து கேளுங்க, சொல்லிடுவா."

"பக்கத்துல உக்காந்தா அது ஆதரவு. ஆதரவு நாலாவது மாடி. இங்க எதிர்லதான் உக்காரணும்."

"அஞ்சு நிமிஷம் மட்டும்..."

"பக்கத்துல உக்காந்து அவ பதில் சொல்லிட்டான்னா, அவளுக்குக் குறையே இல்லன்னு ஆயிடும் தம்பி. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

 பத்து கேள்விகள் முடிந்தன. மதிப்பெண் முறையை அவரே பெருமையாக விளக்கினார். ஐம்பதுக்கு மேல் வாங்கினால் குழந்தை முன்னேறிவிட்டது, ஆதரவு தேவையில்லை. நாற்பதுக்குக் கீழே வாங்கினால் ஆதரவு கொடுத்தும் பலனில்லை, வீண். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வாங்கினால் குழந்தையை இன்னும் புரிந்துகொள்ள வேண்டும்.

படபடப்பு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டாவது தடவையும் போட்டான்.

"மேடம், எவ்வளவு வாங்கினா டீச்சர் கெடைக்கும்?"

மதிப்பீட்டாளர் முதல்முறையாகத் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். கண்ணில் வருத்தம் தெரிந்தது. "ஒரு குழந்தையோட எதிர்காலத்தை மார்க்கா பாக்காதீங்க தம்பி. உங்களை மாதிரி வீட்டுக்காரங்களாலதான் இந்தக் குழந்தைங்க கஷ்டப்படுதுங்க."

அந்த நேரத்தில் ட்யூப்லைட் படபடவென்று இரண்டு முறை அணைந்து எரிந்தது. பூச்சி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

"இது அவளா போனதா, நீங்க சொல்லிக் கொடுத்ததா?"

"அவளாத்தான் மேடம். பயத்துல."

"தன்னிச்சையா இடம் தேர்வு செய்றா. ஒரு நாலு மார்க் போடலாம்." போட்டார். மொத்தம் நாற்பத்து நான்கு. "இன்னும் புரிஞ்சுக்கணும். கவலைப்படாதீங்க, நாளைக்கு எங்க உணர்ந்தறியும் நாள். இயக்குநரே மேடையில சில குழந்தைகளோட சான்றிதழ்ல கையெழுத்துப் போடுவாரு. கூட்டிட்டு வாங்க. அக்காவையும் வரச் சொல்லுங்க, கூட்டம் வேணும்."

அவன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வது? அக்கா அரை நாள் லீவு கேட்டாள். மேற்பார்வையாளர் கொடுத்தார், கொடுக்கும்போதே அடுத்த வாரம் இது நடக்காது என்றார். கிடங்கிலும் அவனிடம் அதையே சொன்னார்கள், இன்னும் சுருக்கமாக.

உணர்ந்தறியும் நாள் வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. அன்று மூத்த அதிகாரிகள் ஒன்பது பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் குழந்தையாக வாழ்ந்து பார்ப்பார்கள். காதில் இரைச்சல் போடுகிற கருவி, கையில் தடித்த உறை, கழுத்தில் 'நான் ஒரு குழந்தை, என்னைப் புரிந்துகொள்ளுங்கள்' என்ற அட்டை. பாதுகாப்பு விதிப்படி குழந்தை தனியாக இருக்கக் கூடாது என்பதால், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஆள் வேண்டும். அதற்காக நான்காம் மாடியைத் திறந்தார்கள். ஒன்பது டீச்சர்களும் கீழே இறங்கி வந்தார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் ஆதரவுப் பிரிவு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை செய்தது.

மரபுப் பிரிவு அதிகாரிக்கு உறை போட்ட கையால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டார். அவருடைய டீச்சர் பிரித்து ஊட்டினாள். மதிப்பீட்டாளரிடம் பெயரைச் சொல்லும்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டார். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை, மூன்று முறை "என்ன?" என்றார். "பக்கத்துல வந்து கேளுங்களேன், இது என்ன கொடுமை," என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு இயல்பாகச் செய்தார்.

இயக்குநர் மேடையில் இருந்தார். அவர் மட்டும் காலையிலிருந்து மூன்று மணி நேரமாகக் குழந்தையாக இருந்தார், பதவிக்குத் தக்கபடி. அவருடைய இடது பக்கத்தில் பக்கத்து டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்கதான்டா," என்று அக்கா தம்பியின் தோளைப் பிடித்தாள். "மேடையிலேயே இருக்காங்க. இன்னிக்கே கூட அனுப்பிடுவாங்க போல."

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். 

"நண்பர்களே, இன்னிக்கு நான் உடைஞ்சு போயிட்டேன். அந்தச் சத்தம்... தாங்க முடியல. காதைப் பொத்திக்கிட்டேன். உடனே என் பக்கத்துல இருந்த இந்த அம்மா சத்தத்தைக் குறைச்சாங்க. அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு முன்கூட்டியே சொன்னாங்க. அப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பக்கத்துல ஒரு ஆள் இல்லாம என்னால ஒரு நிமிஷம் இருந்திருக்க முடியாது!"

கைதட்டல். அக்காவும் தட்டினாள். மூன்று வருஷமாக அவள் சொல்ல நினைத்ததை ஒரு பெரிய மனிதர் ஒலிவாங்கியில் சொல்கிறாரே.

"இருபது வருஷமா இந்தக் குழந்தைகளுக்காக உழைக்கிறேன். ஆனா அவங்க கஷ்டம் எவ்வளவு பெருசுன்னு, எனக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. இந்த அனுபவத்திலேர்ந்து நானும் என் சக அதிகாரிகளும் உடனே மீண்டு வர முடியாது. டாக்டரும் அதைத்தான் சொல்றாரு. ஆகவே, இந்த ஒன்பது டீச்சர்களும் அடுத்த ஆறு மாசத்துக்கு எங்க பக்கத்துலயே இருப்பாங்கன்னு மகிழ்ச்சியோட அறிவிக்கிறேன்!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அக்காவின் கைகள் நடுவில் நின்றுவிட்டன.

அந்தக் கைதட்டலுக்குள்தான் பூச்சி மாமாவின் கையை உதறினாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முந்நூறு பேர் எழுந்து நிற்கிற கூட்டத்துக்குள் புகுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஐந்து படி ஏறினாள். டீச்சரின் பக்கத்தில் காலி நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்து, டீச்சரின் முழங்காலில் தலையைச் சாய்த்தாள்.

"வந்துட்டேன் வந்துட்டேன் வந்துட்டேன்," என்றாள்.

டீச்சரின் கை தானாக அவள் தலைக்குப் போனது. "சார், இது என் பொண்ணு சார். என்கிட்ட இருந்த பொண்ணு. ஒரு அஞ்சு நிமிஷம்..."

"ஒரு டீச்சருக்கு ஒரு குழந்தைதானே விதி?" என்றார் இயக்குநர், கழுத்து அட்டையைத் தொட்டுக் காட்டி. பிறகு அவர் முகம் பிரகாசமானது. ஒலிவாங்கியைத் திரும்ப எடுத்தார்.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! இத்தனை சத்தத்துல, இத்தனை கூட்டத்துல, யார் துணையும் இல்லாம தனியா நடந்து வந்திருக்கா! நான் மூணு மணி நேரம் ஒரு ஆள் துணையோட உக்காந்திருந்தேன். இந்தக் குழந்தை என்னைவிடத் தைரியசாலி!"

மதிப்பீட்டாளர் உறையைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டார். கூட்டத்தில் நடந்ததற்கு எட்டு, படி ஏறியதற்கு ஐந்து, முன்பின் பழகாத உயர் அதிகாரியை அணுகியதற்கு ஐந்து. மொத்தம் அறுபத்து இரண்டு. இயக்குநர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். 'முழுமையாகப் புரிந்துகொள்ளப்பட்டாள். ஆதரவு தேவையில்லை.'

படபடப்பு எப்படியோ மேடைக்கு வந்துவிட்டான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஒலிவாங்கியின் முன்னால் நின்றான்.

"சார்... அவ தனியா வரல சார். டீச்சர்கிட்ட வந்தா. டீச்சர் இருந்ததாலதான் வந்தா."

மரபுப் பிரிவு அதிகாரி ஓடிவந்து அவன் முதுகைத் தடவினார். கூட்டத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "இவருக்கும் கொஞ்சம் இருக்கு," என்றார். முந்நூறு பேரும் ஆழமாகப் புரிந்துகொண்டு தலையசைத்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி அவனுக்கு மூச்சு எப்படி விடுவது என்று செய்தே காட்டினார்.

பூச்சியை முழங்காலிலிருந்து பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார், இன்னொருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். அவள் போட்ட சத்தத்தில் இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார். விதிப்படி, டீச்சர் அவர் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினாள். 'பிரியும்போது அழுகிறாள், மற்ற எல்லாக் குழந்தைகளையும் போல' என்று மதிப்பீட்டாளர் எழுதி, இன்னும் மூன்று சேர்த்தார்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா சான்றிதழைப் படித்தாள். கெட்டியான தாள், ஓரத்தில் தங்கக் கோடு. மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள்.

"டீச்சர் இல்லன்னா பரவாயில்லமா," என்றார் அவர். "யாராவது ஒரு பெரியவங்க பக்கத்துல உக்காந்தா போதும். நான் கண்டுக்க மாட்டேன். ஆனா திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆளோட வரணும். அதுக்கு மேல என் கையில இல்ல."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். இரண்டு பேரும் திங்கட்கிழமை எங்கே நின்றாக வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மச்சான் அன்று விடியுமுன்பே லாரி ஏறிவிடுவார். பூச்சி அழுது ஓய்ந்து, கம்பத்தில் நெற்றியை முட்டி முட்டி நின்றாள். அக்கா தன் உள்ளங்கையை அவள் நெற்றிக்கும் கம்பத்துக்கும் நடுவில் வைத்தாள்.

அவன் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து, போனில் பெயர் இருக்கிற எல்லோருக்கும், தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லிப் பேசினான். அவன் பேசப் பேச அது எழுத்தாக விழுந்தது.

"இதை யார் படிச்சாலும் சரி. திங்கக்கிழமை காலையில எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் உங்களுக்கு வேலை இல்லன்னா, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரணும், விலாசம் நான் அனுப்புறேன். எங்க அக்கா பொண்ணு பக்கத்துல உக்காரணும். படிப்பு சொல்லித்தர வேணாம். அவ உங்களைப் பாக்க மாட்டா, தப்பா எடுத்துக்காதீங்க. ஏதாவது கேட்டா பத்து எண்ணுற வரைக்கும் பொறுங்க, பதில் வரும். சொன்னதையே மூணு தடவை சொல்லுவா, மூணு தடவையும் கேளுங்க. நானும் அக்காவும் லீவு போட முடியாது, போட்டா வேலை போயிடும். இடது பக்கம் உக்காருங்க. எதிர்ல மட்டும் உக்காராதீங்க. யாராவது ஒருத்தர் வாங்க."